வெர்லீன் ஹாஸ்கின்ஸின் முக்காலி

அந்த அருங்காட்சியகத்தில் எல்லாவற்றுக்கும் உட்கார ஓர் இடம் இருந்தது. மூக்கு உடைந்த ரோமானியப் பேரரசனின் தலைக்குச் சலவைக்கல் பீடம். எகிப்துப் பூனைக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் வெல்வெட் மேடை. பார்க்க வருகிறவர்களுக்குத் தோல் தைத்த நீள இருக்கைகள். இவற்றையெல்லாம் காவல் காக்கிற வெர்லீன் ஹாஸ்கின்ஸுக்கு மட்டும் அவளுடைய இரண்டு கால்கள். அவற்றிலும் ஒன்று பழுது.

வெர்லீனுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அலபாமாவில் பிறந்து, கைக்குழந்தையாக வடக்கே ஒஹாயோவில் எரி என்கிற ஏரியின் கரைக்கு வந்தவள். தாய் சலவைக் கடையில், தகப்பன் இரும்பாலையில். இவள் நகரப் பேருந்து ஓட்டினாள். ஏரிக் காற்றில் பனி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் பறக்கிற காலைகளில்கூட அவளுடைய பத்தாம் நம்பர் வண்டி வந்துவிடும் என்று கிழக்குப் பக்கத்து ஜனங்களிடம் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. கணவன் லூஷியஸ் இறந்த வருஷமே நகர நிர்வாகம் வழித்தடங்களைக் குறைத்தது. இவளுடைய வேலையும் அதோடு போயிற்று. பிறகுதான் அருங்காட்சியகத்தில் சேர்ந்தாள். சும்மா நின்றால் போதும், வேறு வேலை ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அவளுடைய கோபம் கத்துகிற கோபம் இல்லை. அடிப்பிடிக்கிற குழம்பு மாதிரி. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாசனை வந்த பிறகுதான் தெரியும். அந்த வருஷம் ஜனவரியில் அடிப்பிடிக்க ஆரம்பித்தது.

ஜனவரியில் கவசக் கண்காட்சி. ஐரோப்பியப் பிரபுக்கள் சண்டைக்குப் போட்டுக்கொண்டு போன இரும்புச் சட்டைகள், இரும்புத் தொப்பிகள், குதிரைக்குக்கூட இரும்பு முகமூடி. அந்தக் கூடத்துக்குக் கல்தரை. மரத்தரை என்றால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும், கல்லுக்கு அந்த இரக்கம் கிடையாது. மதியம் ஆவதற்குள் வெர்லீனின் வலது முட்டி பன் ரொட்டி மாதிரி உப்பிவிடும். கவசங்கள் எல்லாம் உள்ளே கம்பி கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தன. உள்ளே ஆளே இல்லாத அந்த இரும்புச் சட்டைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்களே என்று அவள் தினமும் அதை முறைத்துப் பார்த்தாள்.

அங்கே காவலர்களுக்குள் ஒரு வழக்கம். எந்த அறையையும் ஒரு நிமிஷம்கூடக் காவல் இல்லாமல் விடக்கூடாது. மாற்று ஆள் வாசலில் வந்து நின்று, "அறை என்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுகிற வரைக்கும் கூரை இடிந்தாலும் அறை உன்னுடையது. தலையாட்டினால் செல்லாது, கையைக் காட்டினால் செல்லாது. இது எழுதி வைத்த விதியைவிட ஆழமாக எல்லோருக்குள்ளும் ஊறியிருந்தது. வருஷக்கணக்காக ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு காவலர்கள்கூட அந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுத்தான் கடந்து போவார்கள்.

வெர்லீனை மாற்ற வருகிறவன் ஸ்டான் ப்யெலாக். போலந்துக்காரக் குடும்பம். கார்த் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, வீட்டில் மனைவியின் வாய்க்குப் பயந்து வேலைக்கு வருகிறவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"அறை என்கிட்ட."

"இப்பதான் விடிஞ்சுதா உனக்கு? என் முட்டி உன்னைத் தேடி உன் வீட்டுக்கே போயிட்டு வந்துடுச்சு."

"போனதுதான் போச்சு, என் பொண்டாட்டிகிட்ட ரெண்டு பியரோகி கொழுக்கட்டை வாங்கிட்டு வந்திருக்கலாமே."

"சிரிக்காத ஸ்டான். நான் இன்னிக்கு டன்லெவிகிட்டப் போயி ஒரு ஸ்டூல் கேக்கப் போறேன்."

"கேளு, கேளு. அப்படியே எனக்கு ஒரு கட்டில் கேளு."

க்ரெய்க் டன்லெவி பாதுகாப்புத் தலைவன். முன்பு போலீசில் இருந்தவன். ஷூ பளபளக்கும், பேச்சும் பளபளக்கும். நிலவறையில் அவனுடைய அறைக்குள் சக்கரம் வைத்த, முதுகு சாய்கிற, தலைக்கு அணை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னான்:

"உட்கார்ந்திருக்கிற கார்டு, தூங்குற கார்டு மாதிரி தெரியும், மிஸ் வெர்லீன். பாக்கிறவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடும்."

"நான் பஸ்ஸை உட்கார்ந்துகிட்டுதான் ஓட்டினேன். ஒரு தடவைகூடத் தூங்கலை. தூங்கியிருந்தா இந்த ஊர்ல பாதிப் பேரு இப்ப இருந்திருக்க மாட்டாங்க."

"அது வேற. இந்தக் கண்காட்சி முடியட்டும். பேசலாம்."

கண்காட்சி முடிந்தது. பேசவில்லை.

பனி உருகியதும் பூக்கள் வந்தன. பழைய டச்சு ஓவியர்கள் வரைந்த பூங்கொத்துகள் சுவரில். ஒவ்வொரு ஓவியத்துக்கும் எதிரே, அதே மாதிரி நிஜப் பூக்களால் கட்டிய ஜாடி. ஊரில் உள்ள தோட்டச் சங்கத்துச் சீமாட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டியவை. தினமும் காலையில் ஒருத்தி வந்து பூவின் மேல் தண்ணீர் தெளிப்பாள். வாடினதைப் பிடுங்கி மாற்ற இன்னொருத்தி. ஒரு டூலிப் தலை தொங்கினால் மூன்று பேர் கூடி நின்று கவலைப்படுவார்கள்.

கண்காட்சிகளின் பொறுப்பாளர் மிராண்டா வோஸ் என்கிற பெண்மணி, அவர்களோடு கூடவே நடப்பாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். வெர்லீனின் கையையும் பிடித்தாள்.

"உங்க கால் விஷயம் கேள்விப்பட்டேன், மிஸ் வெர்லீன். கட்டாயம் பேசணும் இதை. கட்டாயம்."

பேசணும், பேசணும். இந்த ஜனங்களுக்குப் பேசுவதற்கு என்ன நேரம் வேண்டியிருக்கிறது என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள். பேசாமல் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்க எவ்வளவு நேரமாகும்?

ஒருநாள் வலி பொறுக்காமல், யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுவரில் முதுகை லேசாக வைத்தாள். வைத்தாளோ இல்லையோ, இடுப்பில் இருந்த ரேடியோ பேசியது. மேலே மூலையில் இருக்கிற கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற பையனின் குரல். எல்லோருடைய ரேடியோவிலும் கேட்டது.

"வெர்லீன், சுவர்லேர்ந்து விலகுங்க. சுவர்ல சாயக்கூடாது."

கூடம் கூடமாக அந்தக் குரல் எதிரொலித்துக்கொண்டு போனது. தண்ணீர் தெளிக்கிற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல ஒரு ரோஜாவிடம் குனிந்துகொண்டாள். வெர்லீன் நிமிர்ந்தாள். முகம் கல். உள்ளே கொதித்தது கொதித்ததுதான்.

டாக்டர் பார்த்துவிட்டு, முட்டியில் சவ்வு தேய்ந்துவிட்டது, நாள் முழுக்க நின்றால் சீக்கிரத்தில் நடக்கவே முடியாது என்றார். அதை அப்படியே கொண்டுபோய் டன்லெவியிடம் சொன்னாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அப்படின்னா உங்களைக் கோட்டு வாங்கி வைக்கிற கவுன்டருக்கு மாத்தலாம். சனி, ஞாயிறு மட்டும். அங்க ஸ்டூல் உண்டு."

"ரெண்டு நாள் வேலைக்கு மருத்துவக் காப்பீடு உண்டா?"

"அது... இல்லை."

"கால் போனதுக்கு உட்கார இடம் கேட்டா, காலைப் பாக்கிற டாக்டரையும் சேத்துப் புடுங்கிக்கிறேன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே."

"வேற எப்படிச் சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க, நான் சரியாக் கேக்கறேன்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். முழுநேர வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் கால் போகும். ஒரு முக்காலி கிடைத்தால் எல்லாம் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். வெர்லீன் தன் விடுமுறை நாளில் ஊனமுற்றவர்களுக்கான சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். அங்கேயும் நின்றாள். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு வக்கீல் அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு தடவை தொலைபேசினார். மேலிடத்தில் யாரோ பயந்திருக்க வேண்டும். மே மாதக் கடைசியில், கீழே தச்சுக்கூடத்தில் செய்து கருப்புச் சாயம் பூசிய ஒரு முக்காலி வந்தது.

உயரமாக, மூன்று காலோடு, ஒரு கால் ஒரு மயிரிழை குட்டையாக. வெர்லீன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, தன் பழைய பேருந்திலிருந்து கழற்றி வைத்திருந்த பத்தாம் நம்பர் ஒட்டுவில்லையை அடியில் ஒட்டினாள். பிறகு உட்கார்ந்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மூடவில்லை. தூங்குகிறாள் என்று ஒரு நாய்கூடச் சொல்லக்கூடாது.

கோடைக்காலக் கண்காட்சி என்ன தெரியுமா? நாற்காலிகள்.

உலகத்து நாற்காலிகள் எல்லாம் வந்து இறங்கின. ஆப்பிரிக்கத் தலைவர்களின் செதுக்கிய முக்காலிகள், பிரெஞ்சு ராணியின் பொன்முலாம் நாற்காலி, பால் கறக்கிறவன் குந்துகிற பலகை, கடற்கரை பிளாஸ்டிக் நாற்காலி, யாராலும் உட்கார முடியாதபடி ஆணியால் செய்த ஒன்று. நுழைவுச் சுவரில் ஒரு முழ உயர எழுத்தில், "உட்காரும் உரிமை எப்போதும் அதிகாரத்தின் அடையாளமாக இருந்திருக்கிறது" என்று எழுதியிருந்தது. வெர்லீன் அதைத் தினமும் படித்தாள். மற்ற அறைகளில் ஸ்டானும் மற்றவர்களும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வக்கீல் பேசியது ஒரு முட்டிக்காகத்தான்.

அந்தக் கண்காட்சியில் அவள் நாள் முழுக்கச் சொன்னது ஒன்றே ஒன்று: "உட்காராதீங்க." ஆயிரம் மைல் நடந்து வந்தவர்கள் மாதிரி ஜனங்கள் நாற்காலியைக் கண்டதும் பின்புறத்தைத் திருப்பினார்கள். சிலர் அவளுடைய முக்காலியைச் சுற்றி நடந்து, விவரப் பலகையைத் தேடினார்கள்.

"இதுவும் கண்காட்சியில உள்ளதாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஆமா," என்றாள் வெர்லீன். "அலபாமா. ரொம்பப் பழசு. முட்டி மட்டும் ரிப்பேர்ல இருக்கு. தொடக்கூடாது."

அவர் சிரித்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார். அந்தக் கோடையில் வெர்லீன் கொஞ்சம் சிரித்தாள் என்றே சொல்ல வேண்டும். முட்டியின் வீக்கம் வற்றியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றாள்.

செப்டம்பரில் நாற்காலிகள் அடுத்த ஊருக்குக் கிளம்பின. அருங்காட்சியகத்துக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, வெள்ளைக் கையுறை மாட்டிய ஆட்கள் வந்து கூடத்தைக் காலி செய்தார்கள். அவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கூடத்துக்குள் தனியாக நிற்கிற எதைப் பற்றியும் சந்தேகம் வந்தால், அது கலைப்பொருள்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். குப்பைத்தொட்டி என்று நினைத்துக் கலைப்பொருளை எறிந்தவன் வேலை போகும். குப்பைத்தொட்டியைப் பத்திரமாகக் கட்டி அனுப்பியவனுக்கு ஒன்றும் ஆகாது. நாற்காலிக் கண்காட்சியில், மூலையில், கருப்பாக ஒரு முக்காலி. எண் இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஏதோ பழைய ஒட்டுவில்லை. எதற்கு வம்பு என்று தற்காலிக எண் ஒன்று கொடுத்து, பஞ்சு சுற்றி, மரப்பெட்டிக்குள் இறக்கி, திருகு முடுக்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வெர்லீன் வந்தாள். காலியான கூடம். முக்காலி இருந்த இடத்தில் தரையில் மூன்று சின்ன வட்டம்.

டன்லெவி விசாரித்துவிட்டு வந்து சொன்னான். சொல்லும்போது அவனுக்கே வாய் கோணியது.

"அது மிசௌரி போயிட்டு இருக்கு, மிஸ் வெர்லீன்."

"என்ன போயிட்டு இருக்கு?"

"உங்க ஸ்டூல். பெட்டியில போட்டுட்டாங்க."

"திருப்பி வரச் சொல்லுங்க."

"கண்காட்சியோட சேந்து போயிடுச்சு. இப்ப அது கடன் கொடுத்த பொருள். ஏப்ரல்லதான் திரும்பும்."

"சரி. தச்சன் கீழதான இருக்கான்? இன்னொண்ணு செய்யச் சொல்லுங்க."

டன்லெவி தொண்டையைச் செருமினான். "உங்களுக்கு ஒண்ணு கொடுத்ததா பதிவாயிருக்கு. அது தொலையலை, உடையலை. எங்க இருக்குன்னும் தெரியும். அது திரும்பி வராம இன்னொண்ணுக்கு அனுமதி கிடைக்காது."

வெர்லீன் அவனை வெகுநேரம் பார்த்தாள். வண்டியில் சில்லறை இல்லாமல் ஏறி வாதாடுகிறவர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு மேலே போய் நின்றாள்.

இலையுதிர்காலக் கண்காட்சி இருட்டு. நான்கு சுவரிலும் கடல் அலையைப் படமாக ஓடவிட்டு, தரை அதிர ஒரு உறுமல். பார்க்கிறவர்கள் படுத்துப் பார்க்கப் பெரிய மெத்தைகள் போட்டிருந்தார்கள். ஊர்ச் சோம்பேறிகள் எல்லாம் அதில் மல்லாந்து கிடக்க, வெர்லீன் இருட்டில் நின்றாள். முட்டி திரும்ப உப்பியது. இந்த முறை வீட்டுப் படி ஏறக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஸ்டான் கைப்பேசியை நீட்டினான்.

"உன் சொந்தக்காரன் ஒருத்தன் பெரிய ஆளாயிட்டான், பாரு."

மிசௌரி அருங்காட்சியகத்தின் இணையப் பக்கம். வெள்ளை மேடை, மேலிருந்து அளவாக விழுகிற வெளிச்சம், நடுவே அவளுடைய முக்காலி. பக்கத்தில் விவரம்: செய்தவர் பெயர் தெரியவில்லை, ஒஹாயோ, கருஞ்சாயம் பூசிய மரம், அடியில் பேருந்துச் சின்னம். பெயர் தெரியாத அந்தத் தச்சன் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"அதுக்கு மேடை," என்றாள் வெர்லீன். "அதுக்கு லைட்டு. அதுக்குக் காத்து ஈரம் எவ்வளவுன்னு அளந்து வைக்கிறாங்க. ஒரு கீறல் விழுந்தா காப்பீடு. என் ஸ்டூலுக்குக் காப்பீடு இருக்கு, ஸ்டான். என் காலுக்கு இருக்குமான்னுதான் தெரியலை."

ஸ்டான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "படத்தோட ஓரத்துல பாரு," என்றான்.

ஓரத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண். காவல்காரி. இவள் வயதுதான் இருக்கும். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வெர்லீன் அன்று மத்தியானமே அந்த அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசினாள். நாற்காலிக் கூடத்துக் காவல்காரியோடு பேச வேண்டும், குடும்ப விஷயம் என்றாள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு குரல் வந்தது.

"ஐடெல் க்ரூம் பேசறேன். யாரு செத்தது?"

"யாரும் சாகலை, கண்ணு. நீ பக்கத்துல நிக்கிறியே கருப்பு ஸ்டூல், அது என்னுது."

"நீதான் செஞ்சியா? பேரு தெரியலைன்னு போட்டிருக்காங்களே."

"செய்யலை. உட்கார்ந்தேன். நானும் உன்னை மாதிரி கார்டு. என் ஸ்டூலைக் கலைன்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்துட்டானுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, அது போய்க்கொண்டே இருந்தது, நடுவில் இருமலாகி மறுபடி சிரிப்பாயிற்று.

"ஆண்டவரே," என்றாள் ஐடெல். "நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதைத்தான் பாத்துகிட்டு நிக்கிறேன். எனக்கு இடுப்புல வலி. ஒவ்வொரு நாளும் நெனப்பேன், இது ஒண்ணுதான் இந்த அறையிலயே உட்கார்ற மாதிரி இருக்குன்னு."

"உட்காரு. இடது பக்கக் கால் கொஞ்சம் குட்டை, பாத்து உட்காரு. என்னுது, நான் சொல்றேன்."

"நீ சொல்லுவ. என் வேலை போயிடும்."

ஐடெலின் எண்ணை வாங்கிக்கொண்டு, பேசி முடித்த பிறகும் வெர்லீன் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முக்காலி. அங்கே ஒருத்தி அதன் பக்கத்தில் நிற்கிறாள், இங்கே ஒருத்தி அது இல்லாமல் நிற்கிறாள். உட்காருவதற்குச் செய்த ஒரு பொருள், உட்காருவதற்கு ஆளே இல்லாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதுவரை அவளுடைய கோபம் டன்லெவி அளவுக்குத்தான் இருந்தது. அன்றைக்கு அது வளர்ந்தது.

டிசம்பரில் வருஷத்துக் கடைசிக் கண்காட்சி. இத்தாலியிலிருந்து சின்னச் சின்னப் புனிதர் படங்கள், பின்னணியெல்லாம் தங்கத் தகடு. கொடுத்தவர்கள் கடுமையான நிபந்தனை போட்டிருந்தார்கள்: ஒரு கணம் காவல் இல்லாவிட்டாலும் படங்கள் திரும்பிப் போய்விடும். திறப்பு நாள் மாலை ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் வருவதாக இருந்தது. கீழ்க் கூடத்தில் விருந்து மேசைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்லீனுக்கு நடு அறை. காலையிலிருந்து நின்றவள், விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். புனிதர் படங்களில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வெர்லீன் இடது கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக, வலது காலை நேரே நீட்டி, அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தாள்.

ரேடியோ உடனே பேசியது. "வெர்லீன், விழுந்துட்டீங்களா?"

"விழலை. உட்கார்ந்திருக்கேன்."

டன்லெவி ஓடிவந்தான். புது ஷூ, புது கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை.

"எழுந்திருங்க, மிஸ் வெர்லீன். விளையாட்டு இல்லை இது. ஆளுங்க வந்துட்டு இருக்காங்க."

"அறையைப் பாத்துகிட்டுத்தான் இருக்கேன். பதினோரு படம் இருக்கு, பதினொண்ணும் இருக்கு."

"எழுந்திருக்கலைன்னா வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வர வேணாம்."

"போறேன்," என்றாள் வெர்லீன். "அறையை யாரு வாங்கிக்கிறது?"

டன்லெவி ரேடியோவில் ஸ்டானைக் கூப்பிட்டான். ஸ்டானுக்கு அப்போது ஓய்வு நேரம். வாசலில் வந்து நின்றான். தரையில் உட்கார்ந்திருக்கிற வெர்லீனைப் பார்த்தான். அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்தான். முட்டி கால்சட்டையை முட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி எழுந்திருப்ப நீ?" என்று கேட்டான்.

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஸ்டான், அறையை வாங்கு," என்றான் டன்லெவி.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டானிடம் சொல்ல வேடிக்கை ஒன்றும் இல்லை. பிறகு வாசற்படியிலேயே, கதவு நிலைக்கு முதுகைக் கொடுத்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தான்.

டன்லெவி அடுத்த ஆளைக் கூப்பிட்டான். ஓய்வில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசல் வரைக்கும் வந்தார்கள், பார்த்தார்கள். தரையிலேயே உட்கார்ந்தவர்கள் உண்டு, நின்றவர்கள் உண்டு. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கீழே வயலின் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தமும் சிரிப்பும் ஏறி வந்தன.

டன்லெவியின் கழுத்து சிவந்தது. அவன் முன்னாள் போலீஸ்காரன், இந்த வழக்கத்தை அவன்தான் எல்லோருக்கும் அடித்துச் சொல்லிக் கொடுத்தவன். அறை காலியாக இருக்க முடியாது. வேறு வழியில்லை.

"அறை என்கிட்ட," என்றான்.

ஸ்டானும் இன்னொருவரும் கைகொடுத்து வெர்லீனைத் தூக்கினார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. அறைக்கு எதிரே, விருந்தாளிகளுக்கான தோல் இருக்கையில் போய், டன்லெவி தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், டன்லெவியிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அருங்காட்சியகத் தலைவர் பேசினார், நன்கொடையாளர் பேசினார், தலைவர் நன்றி சொல்ல மறுபடி பேசினார். அந்த அறைக்கும் கல்தரை. டன்லெவி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். புது ஷூ கடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும், குதிகாலை வெளியே எடுத்து எடுத்து வைத்தான். மாற்று ஆள் வேண்டும் என்று ரேடியோவில் கேட்டான். பதில் இல்லை. வெர்லீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வருகிறதா என்று தன்னைத் தானே சோதித்துப் பார்த்தாள். வரவில்லை.

அந்த நன்றியுரையின் நடுவில் டன்லெவியின் தோள் சுவரைத் தொட்டது.

எல்லோர் இடுப்பிலும் ரேடியோ ஒரே சமயத்தில் பேசியது. "க்ரெய்க், சுவர்லேர்ந்து விலகுங்க. சுவர்ல சாயக்கூடாது."

ஸ்டான் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான்.

டன்லெவி வாசலுக்கு வந்து, அறையை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காமல், அடிக்குரலில் கேட்டான். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஜனவரியில சொன்னேன்."

"சரி. உங்களுக்கு ஒரு நாற்காலி வரச் சொல்றேன்."

"எனக்கு மட்டுமா?" என்றாள் வெர்லீன். "நான் மட்டும் உட்கார்ந்தா, அதை மூலையில தனியா இருக்குன்னு தூக்கிட்டுப் போயிடறீங்க. எல்லா அறையிலயும் ஒண்ணு இருந்தா எத்தனையைத் தூக்குவீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு ரேடியோவை வாயருகே கொண்டுபோனான். விருந்துக்காரர்களிடம் சொல்லி ஒவ்வொரு அறைக்கும் ஒரு நாற்காலி கொண்டுபோகச் சொன்னான். இன்றைக்கு மட்டும்தானே என்று யாரோ கேட்டார்கள். அவன் வெர்லீனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை," என்றான்.

பொன் சாயம் பூசிய மடக்கு நாற்காலி ஒன்று வந்தது. மலிவுச் சாமான், உட்கார்ந்தால் கிறீச்சிட்டது. வெர்லீன் அதை அறை முழுவதும் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டாள். உட்கார்ந்து, கோட்டை இழுத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னாள்.

"அறை என்கிட்ட."

டன்லெவி நொண்டிக்கொண்டு வெளியே போனான். ஸ்டான் அவளை நாற்காலியோடு ஒரு படம் பிடித்தான். அதை ஐடெலுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "எத்தனை பேரு உட்கார்ந்தீங்க?" ஸ்டான் தன் தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்: "எல்லாரும்."

விருந்து முடிகிற நேரத்தில் மிராண்டா வோஸ் ஒயின் கோப்பையோடு அறைக்குள் வந்தாள். நாற்காலியைப் பார்த்து முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துக்கொள்ள வந்தாள்.

"வசதியா உட்கார்ந்திருக்கீங்களே, மிஸ் வெர்லீன். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? இதைப் பத்திப் பேசணும்னு நானே நெனச்சுகிட்டு இருந்தேன்."

வெர்லீன் எழுந்திருக்கவில்லை. கையையும் கொடுக்கவில்லை.

"ரெண்டு அடி பின்னால தள்ளி நில்லுங்க, மேடம்," என்றாள். "கோப்பையை வெளியில வச்சுட்டு வாங்க. படத்துக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறீங்க."